நஷ்டக் கணக்கில் ஓடிய படகு



விமான நிலையத்துக்கு நாம் காரில் போவோம், ரயிலில் போவோம். படகில் போய் விமானம் ஏறும் ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. அந்தப் படகின் வரவு செலவுக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

ஒசாகாவின் பழைய விமான நிலையமான இத்தாமியைச் சுற்றி வீடுகள் நெருங்கியிருந்தன. ஜெட் இரைச்சல் தாங்காமல் அங்கே குடியிருந்தவர்கள் 1969-ல் வழக்குப் போட்டார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம் அதுவரை பட்ட பாதிப்புக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னது. ஆனால் இரவு விமானங்களை நிறுத்தும் கோரிக்கையை ஏற்கவில்லை. புதிய நிலையத்தைக் கடலுக்குள் கொண்டுபோனதற்கு இந்த இரைச்சல் பிரச்சினை ஒரு முக்கியக் காரணம். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிச் செயற்கைத் தீவு அமைத்து, கன்சாய் விமான நிலையத்தை 1994 செப்டம்பர் 4 அன்று திறந்தார்கள். கரைக்குப் போக ஒரே பாலம்: மேலே சாலை, கீழே ரயில்.

ஒசாகா விரிகுடாவின் எதிர்க்கரையில் இருக்கிறது கோபே நகரம். தரைவழியில் வளைந்து போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலில் நேராகப் போனால் சுமார் அரை மணிதான். அதனால் நிலையம் திறந்த அந்த ஆண்டே கோபேயிலிருந்து விரைவுப் படகு விட்டார்கள். அவாஜி தீவிலிருந்தும் தொகுஷிமாவிலிருந்தும்கூடப் படகுகள் வந்தன.

ஆனால் கணக்கு கைகொடுக்கவில்லை. 1998-ல் அகாஷி கைக்கியோ பெரும்பாலம் திறந்ததும் அவாஜி, தொகுஷிமா பயணிகள் பேருந்துக்கு மாறினார்கள். கோபே மாநகராட்சியின் பங்களிப்போடு நடந்த படகுக்கும் கடன் ஏறியது. 2002-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் கோபே அந்த வழியைக் கைவிடவில்லை. 2006 பிப்ரவரியில் கோபேக்கென்றே ஒரு விமான நிலையம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இரண்டு நிலையங்களையும் இணைத்துப் படகு மறுபடி ஓடத் தொடங்கியது.

அதன் அருமை 2018 செப்டம்பர் 4 அன்று தெரிந்தது. கன்சாய் திறந்து சரியாக 24 ஆண்டுகள் முடிந்த நாள் அது. ஜெபி என்ற புயல் அடித்தது. ஓடுபாதையில் கடல்நீர் ஏறியது, மின்சாரம் போனது. நங்கூரமிட்டிருந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று காற்றில் இழுபட்டு வந்து பாலத்தில் மோதியது. பயணிகள் மட்டும் சுமார் 3,000 பேர் இரவு முழுக்கத் தீவிலேயே மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை, பாலத்தில் சேதமாகாத பக்கமாகப் பேருந்துகள் மெல்ல வந்தன. இன்னொரு பக்கம் இந்தப் படகுகள் நடை நடையாக ஆட்களைக் கோபேயில் கொண்டுபோய்ச் சேர்த்தன. ரயில் மறுபடி ஓட செப்டம்பர் 18 ஆயிற்று.

நான் வணிகவியல் படித்தவன், வங்கியில் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவன். 2002-ல் அந்தக் கணக்கு என் மேசைக்கு வந்திருந்தால், "நிறுத்துங்கள்" என்றுதான் நானும் குறிப்பு எழுதியிருப்பேன். ஒரு வருடக் கணக்கில் அந்தப் படகு வெறும் செலவுதான். பாலம் அடிபட்ட அந்த ஒரு நாளில் அதற்கு என்ன மதிப்புப் போடுவது? பேரேட்டில் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

நம் பொதுக்குழுவிலும் ஜெனரேட்டர், தீயணைப்புக் குழாய், பின்பக்கப் படிக்கட்டு என்று பராமரிப்புச் செலவு வரும்போது, "இதை யார் பயன்படுத்துகிறார்கள்?" என்ற கேள்வி எழும். கேள்வி நியாயமானதுதான், கணக்குக் கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகு, கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதற்கு முன், இந்தப் படகையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.