பெயிண்ட் அடிக்காத இரும்பு

உப்புத்தாள் போட்டுத் தேய், ரெட் ஆக்சைடு அடி, காய்ந்ததும் எனாமல் அடி. அம்பத்தூரில் பட்டறை நடத்தும் நான் கற்றுக்கொண்ட தொழிலின் பாதி இதுதான். இப்போது ஆர்க்கிடெக்டுகள் வந்து, "கேட் துருப்பிடிச்ச மாதிரியே இருக்கணும், ஆனா துருப்பிடிக்கக் கூடாது" என்கிறார்கள். முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். பிறகுதான் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் கலைஞர்கள் இல்லை, நிலக்கரி ஏற்றியவர்கள்.

1933இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 'கார்டென்' என்ற எஃகைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாதாரண எஃகோடு அரை சதவீத அளவுக்குச் செம்பு, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் பாஸ்பரஸ். பாஸ்பரஸ் சேர்ந்தால் எஃகு நொறுங்கும் என்று உருக்காலைக்காரர்கள் அதை விரட்டுவதுதான் வழக்கம். ஆனால் டெல்லி மெஹ்ரோலி இரும்புத் தூண் பதினாறு நூற்றாண்டாகக் கரையாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதே பாஸ்பரஸ்தான் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். கார்டெனை முதலில் வாங்கியவை ரயில் கம்பெனிகள். அவர்கள் அதன் நிறத்தைப் பார்க்கவில்லை. எஃகு பலமானது, அதனால் தகடு மெலிதாக இருந்தால் போதும், வேகனின் எடை குறையும், கூடுதலாகக் கரி ஏற்றலாம். கணக்கு அவ்வளவுதான். பெயிண்ட் போன இடத்திலும் தகடு ஓட்டையாகாமல் தாக்குப்பிடித்தது கூடுதல் லாபம்.

அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? சாதாரண இரும்பில் துரு பொரபொரவென்று வளர்ந்து, அடுக்கடுக்காக உரிந்து விழும். விழுந்த இடத்தில் புது இரும்பு தெரியும், அதுவும் துருவாகும். கார்டெனிலும் முதலில் அதே ஆரஞ்சுத் துருதான் வரும். ஆனால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காயும்போது, செம்பும் குரோமியமும் சேர்ந்த நெருக்கமான உள்ளடுக்கு ஒன்று எஃகோடு ஒட்டி உருவாகிறது. ஆறுகிற புண்ணில் பொருக்குத் தட்டுவது போல. நீரும் காற்றும் அதைத் தாண்டிப் போவது கடினம். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆரஞ்சு அடங்கி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். இதில் 'காய்ந்து' என்கிற பகுதிதான் முக்கியம். இந்த எஃகை வைத்து ஏமாந்தவர்கள் பலரும் கோட்டைவிட்டது அங்கேதான்.

வேகனிலிருந்து கட்டடத்துக்கு இதைக் கொண்டுபோனவர் ஆர்க்கிடெக்ட் ஈரோ சாரினென். டிராக்டர் செய்யும் ஜான் டீர் கம்பெனிக்கு இல்லினாய் மாநிலத்தின் மோலீனில் தலைமையகம் கட்டவேண்டும். கம்பெனித் தலைவர் வில்லியம் ஹூயிட் பளபளப்பை விரும்பவில்லை, உழவுக்காரனுக்குக் கருவி விற்கும் கம்பெனி மாதிரித் தெரியவேண்டும் என்றார். சாரினென் முதலில் கவிழ்த்த பிரமிடு போல ஒரு கான்கிரீட் வடிவத்தைக் காட்டினார், அது நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பெயிண்டே அடிக்காத கார்டென் வந்தது. தூணும் உத்தரமும் வெளியே தெரிய, ஓடைக்கு மேல் மரங்களுக்கு நடுவே 1964இல் கட்டி முடிந்தது. சாரினென் பார்க்கவில்லை, 1961இலேயே இறந்துவிட்டார். துருவை அலங்காரம் என்று உலகம் ஒத்துக்கொண்டது அந்தக் கட்டடத்தில்தான் என்பேன். மறு ஆண்டே சிகாகோவின் சிவிக் சென்டர் அதே எஃகில் எழுந்தது. 1967இல் அதன் முற்றத்தில் நிறுத்திய பிக்காசோ சிற்பமும் அதே எஃகுதான்: 15 மீட்டர் உயரம், 147 டன். வரைந்து கொடுத்ததற்குத் தருவதாகச் சொன்ன ஒரு லட்சம் டாலரை பிக்காசோ வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு ஆளாளுக்குக் கட்டினார்கள். யு.எஸ். ஸ்டீல் தன் 64 மாடித் தலைமையகத்தையே 1970இல் பிட்ஸ்பர்க்கில் இதில் கட்டியது. தொடக்க ஆண்டுகளில் மழையோடு துருநீர் வழிந்து நடைபாதையெல்லாம் கறையானது. இந்த எஃகைச் செய்து விற்றவர்களுக்கே அந்த நிலைமை. அட்லாண்டாவின் ஆம்னி அரங்கம் இன்னும் மோசம். 1972இல் திறந்தார்கள். அந்த ஊரின் புழுக்கத்தில் தகடு ஒழுங்காகக் காயவே இல்லை, துருவும் நிற்கவில்லை. சுவரில் ஓட்டை விழுந்து, ஆள் நுழையாமலிருக்கக் கம்பிவலை அடிக்கும் அளவுக்குப் போய், 1997இல் இடித்துத் தள்ளினார்கள். ஹோனலுலுவின் அலோகா ஸ்டேடியத்தை (1975) உப்புக்காற்று தின்றது. குளோரைடு புகுந்தால் அந்த நெருக்கமான உள்ளடுக்கு உருவாகவே உருவாகாது. மிஷிகன் மாநிலத்தில் கடல் இல்லை, பனியைக் கரைக்கச் சாலையில் உப்புக் கொட்டினார்கள். பாலத்தின் மூட்டுகள் வழியாக அது கீழே சொட்டியதில் உத்தரங்கள் கெட்டுப்போய், புதுப் பாலங்களுக்கு இந்த எஃகே வேண்டாம் என்று 1980 வாக்கில் நிறுத்திவைத்தார்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காமலே தெரிந்தவர் அப்பா. பெரம்பூரில் ரயில்பெட்டி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் நீலப்பெட்டி, சிவப்புப்பெட்டிகளின் பக்கச்சுவர் கார்டென் வகைத் தகடுதான். ஐ.ஆர்.எஸ்.எம். 41 என்று ரயில்வேயில் அதற்கு எண். பெயிண்டுக்கு அடியில் இருந்ததால் பயணிகள் யாருக்கும் அது தெரியாது. பெட்டி வந்ததும் அப்பா சுத்தியலோடு நேராகக் கக்கூஸ் தரைக்கு அடியில்தான் போவார். தட்டினால் 'டங்' என்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் வெட்டி எடு, புதுத் தகடு வை. காற்றுப்படும் சுவர் இருபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். எப்போதும் ஈரமும் உப்புமாக இருக்கும் மூலை சல்லடையாகிவிடும். அட்லாண்டா கோடிகள் கொட்டித் தெரிந்துகொண்டது இதைத்தான்.

இப்போது காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. நியூயார்க் புரூக்ளினில் 2012இல் திறந்த பார்க்லேஸ் அரங்கத்துக்குச் சுமார் 12,000 தகடுகளை இண்டியானாபொலிஸில் மாதக்கணக்கில் ஒரு நாளைக்குப் பலமுறை நனைத்துக் காயவைத்து, துருவேற்றிக் கொண்டுவந்தார்கள். என் பட்டறையிலும் அதே கதைதான், சின்ன அளவில். உருட்டாலையிலிருந்து வரும்போதே தகட்டின் மேல் நீலக்கறுப்பாக ஒரு தோல் இருக்கும், மில் ஸ்கேல் என்போம். மணல் பீய்ச்சி அதை எடுக்காவிட்டால் துரு திட்டுத்திட்டாக ஏறி, படை பிடித்த மாதிரி அசிங்கமாகிவிடும். எண்ணெய்க் கை பட்டால் விரல் அச்சு அப்படியே பதிந்து நிற்கும். பிறகு காலை தண்ணீர், மதியம் வெயில், சாயங்காலம் தண்ணீர். வினிகரும் உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளித்தால் அரை மணி நேரத்தில் ஆரஞ்சு வந்துவிடும், இணையத்தில் எல்லோரும் காட்டுவது அதைத்தான். நிறத்துக்கு அது போதும். ஆனால் சாதாரண எம்.எஸ். தகட்டில் அது வெறும் துரு, உள்ளே தின்றுகொண்டே இருக்கும். கார்டென் தகட்டில் உப்புத் தெளிப்பது அதைவிட முட்டாள்தனம். லாக்கர் அடித்து மூடினால் முதல் வருஷம் அழகாக இருக்கும். அப்புறம் கீழ்விளிம்பில் லாக்கர் தூக்கிக்கொண்டு, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும்.

அதனால் ஈ.சி.ஆர். பக்கம், கடலைப் பார்த்த வீடு என்றால் கார்டென் வேலையை நான் எடுப்பதில்லை. அண்ணா நகர், வேளச்சேரி என்றால் செய்வேன், மூன்று நிபந்தனையோடு. தகட்டின் அடி மண்ணைத் தொடக்கூடாது, நாலு அங்குலம் தூக்கி நிறுத்துவேன். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தை முழு வெல்டிங் போட்டு அடைப்பேன், இடுக்கு விட்டால் துரு ஊதி போல்ட்டையே பிய்த்துவிடும். கேட்டுக்குக் கீழே வெள்ளை மார்பிளோ கிரானைட்டோ வேண்டாம், கருங்கல் ஜல்லி கொட்டச் சொல்வேன். முதல் இரண்டு மழைக்கு ஆரஞ்சுத் தண்ணீர் வழியத்தான் செய்யும். மார்பிளை ஏற்கெனவே போட்டுவிட்டோம் என்பவர்களிடம், எனாமலிலேயே நல்ல பிரவுன் கிடைக்கிறது, ஷேடு கார்டு தரட்டுமா என்று கேட்பேன்.