பதினொரு பிள்ளைகள் எங்கே போனார்கள்?

ஆட்டிசத்தின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக 1943-ஐப் பிடித்துக்கொள்வார்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், தன்னிடம் வந்த பதினொரு பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிய வருடம் அது. எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். யாரோடும் ஒட்டாத, ஆனால் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற, வீட்டில் ஒரு சாமான் இடம் மாறினாலும் பொறுக்காத பிள்ளைகள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவரே 1971-இல் எழுதிய இன்னொரு கட்டுரை. பணி ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகு, அந்தப் பதினொரு பேரும் என்னதான் ஆனார்கள் என்று தேடிப் போயிருக்கிறார் மனுஷன். இரண்டு பேர் வேலைக்குப் போய்க் காலூன்றியிருந்தார்கள். இரண்டு பையன்களும் இரண்டு பெண்களுமாக நாலு பேரின் வாழ்க்கையில் பெரும்பகுதி விடுதிகளிலும் அரசு மனநல மருத்துவமனைகளிலும் கழிந்திருந்தது. உள்ளே போன கொஞ்ச நாளிலேயே அவர்களிடம் இருந்த துடிப்பு அணைந்துவிட்டது என்கிறார் கானர். அபார ஞாபகம் போயிற்று, பொருள்கள் மேலிருந்த ஆசை போயிற்று. எதுவும் மாறக் கூடாது என்று போட்ட சண்டைகூட நின்றுபோயிற்று. அரசு மருத்துவமனையில் சேர்த்தது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்ற பொருளில் எழுதுகிறார். வெளியிலிருந்து குறை சொல்கிறவர் அல்ல அவர்; 1924-இல் அமெரிக்கா வந்ததும் முதலில் வேலை பார்த்ததே தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் அரசு மருத்துவமனையில்தான்.

காலூன்றிய இருவரில் ஒருவர் டொனால்ட் ட்ரிப்லெட். கானருடைய முதல் கேஸ். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்கிற சின்ன ஊர், அப்பா வக்கீல். நாலு வயது நிரம்புவதற்குள், 1937-இல், டாக்டர் சொன்னதைக் கேட்டுக் காசநோய்த் தடுப்புக்காகக் கட்டப்பட்ட ஒரு விடுதியில் அவரைச் சேர்த்தார்கள். ஆட்டிசம் என்ற நோய்ப் பெயரே இல்லாத காலம், வேறு எங்கே வைப்பது? மாதத்துக்கு இரண்டு தடவைதான் பெற்றோர் பார்க்கலாம். ஒரு வருஷம் பார்த்தார்கள். 1938-இல், விடுதித் தலைவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா கானருக்கு 33 பக்கத்தில் கடிதம் எழுதினார்.

1942-இல் டொனால்டை வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு பண்ணைக் குடும்பத்தோடு விட்டார்கள். அங்கே நடந்ததை 1945-இல் கானர் நேரில் போய்ப் பார்த்தார். பெரிய வைத்தியமெல்லாம் ஒன்றும் இல்லை. பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்கணும். ஒரு கிணற்றை வெட்டி அதன் ஆழத்தைச் சொல்லு என்றார்கள். செத்த பறவையையும் பூச்சியையும் சேர்த்துக்கொண்டே இருந்தான்; ஒரு மூலையில் இடம் ஒதுக்கி இடுகாடு வைத்துக்கொள் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை நட்டு, கடைசியில் அந்தப் பண்ணைக்காரரின் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதினான். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணு என்றார்கள். கானர் பார்க்கப் பார்க்க ஆறு நீள வரிசை உழுதான். குதிரையைத் திருப்பியது, ஏரை நேராகப் பிடித்தது எல்லாம் அவனே. கிராமத்துப் பள்ளிக்கும் போனான். பின்னாளில் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஊர் வங்கியில் வேலை பார்த்து, 2023-இல் 89 வயதில் காலமானார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். மருத்துவமனைக்குப் போன பிள்ளைகளின் நிலைமை முதலிலிருந்தே இன்னும் கடுமையாக இருந்திருக்கலாமே? ஒவ்வொரு குடும்பத்திடமும் பண்ணையும் பணமும் இருந்ததா என்ன? இருக்கலாம். பதினொரு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

ஆனால் அந்தக் கால மருத்துவமனை எப்படி இருந்தது என்று பார்க்கணும். 1955-இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், பேசாத, யாரையும் கூப்பிடாத ஒரு குழந்தை இருந்தால், அதை யார் கவனிப்பார்கள்? தலையைச் சுவரில் மோதினால்தான் ஒருவர் ஓடி வருவார். வந்து கட்டிப் போடுவார், அல்லது மருந்து கொடுப்பார். தினம் இதுவே நடந்தால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

கவனித்த இடங்களிலும் நல்லது நடந்தது என்று சொல்ல முடியாது. நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர் நூறு குழந்தைகளுக்கு மின்அதிர்ச்சி கொடுத்து 1947-இல் கட்டுரை போட்டார். குழந்தைப் பருவ ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர். இன்று ஆட்டிசம் என்று சொல்லப்படும் பிள்ளைகள் பலர் அந்தப் பெயருக்குள்தான் அடைபட்டிருந்தார்கள். 1960-களில் கிரீட்மோர் மருத்துவமனையில் எல்எஸ்டி கொடுத்தும் பார்த்தார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் வெறுப்புதான் காரணம், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தால் சரியாகும் என்று புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். கானரும் பெற்றோர் மேல் பழி போட்டவர்தான். 1969-இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பழியிலிருந்து அவர்களை விடுவிப்பதாகச் சொன்னார். அதற்குள் எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்!

முன்னே எழுந்த கேள்விக்கு ஓரளவு பதில் 1973-இல் வந்தது, அதுவும் எதிர்பாராத ஒருவரிடமிருந்து. கலிஃபோர்னியாவில் இவார் லோவாஸ், அறைவதும் மின்சாரம் பாய்ச்சுவதும் உட்படக் கடுமையான முறைகளில் பிள்ளைகளைப் பழக்கியவர். அந்த முறைகளை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அவரும் சக ஆய்வாளர்களும் பயிற்சி முடிந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததை ஒதுக்கவும் முடியாது. பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் தொடர்ந்து முன்னேறினார்கள். விடுதிகளுக்குத் திரும்பியவர்கள் கற்றதை இழந்தார்கள். அவர்களுக்கு மறுபடி கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தபோது இழந்தது தற்காலிகமாகத் திரும்பி வந்தது. அப்படியானால் திறமை காணாமல் போகவில்லை. அது வாழ இடம் இல்லாமல் போயிருக்கிறது.

கானர் வேலை பார்த்த அதே பால்டிமோரில் அடுத்த மாற்றம் நடந்தது. 1982-இல், அங்கிருந்த கென்னடி நிறுவனத்தில் பிரையன் இவாட்டாவும் சக ஆய்வாளர்களும் தங்களையே தாக்கிக்கொள்ளும் ஒன்பது பேரை எடுத்துக்கொண்டார்கள். எப்படி நிறுத்துவது என்பதற்கு முன்னால், ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்கள். தனியாக இருக்கும்போதா, வேலை கொடுக்கும்போதா, அடித்தவுடன் யாராவது பதறிப் பேசும்போதா என்று ஒவ்வொரு சூழலாக மாற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கவனம் வேண்டியிருந்தது. ஒருவருக்கு வேலையிலிருந்து தப்பிக்கணும். பேச்சு வராத பிள்ளைக்கு அடிதான் பேச்சு. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் என்று எளிய காரணங்கள் இருந்து, அதை யாரும் தேடாமல் விட்டதும் உண்டு.

இன்று கடுமையான ஆட்டிசம் உள்ள சிறுவர்களுக்கென நடத்தப்படும் சிறப்பு வார்டுகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. படுக்கைகள் குறைவு. பிள்ளைக்கு இணையாகக் கவனிப்பாளர்கள் வேண்டும், சுவர்களுக்கு மெத்தை வேண்டும், தரவு எழுத ஆள் வேண்டும், செலவு ஏராளம். மருந்தும் உண்டு: எரிச்சலுக்கும் மூர்க்கத்துக்கும் ரிஸ்பெரிடோனை 2006-இல், அரிப்பிப்ரசோலை 2009-இல் அமெரிக்கா அனுமதித்தது. உடம்பு பருத்துவிடுகிறது என்பது பெற்றோர் தினமும் பார்க்கிற பக்கவிளைவு. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அம்மா அப்பாவை வார்டுக்குள் வரவழைத்து, அவர்கள் கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வைக்கிறார்கள். வார்டில் அமைதியாக இருந்து வீட்டில் உடைந்துபோனால் யாருக்கு என்ன லாபம்?

இடம் கிடைக்காத குடும்பங்களின் கதை வேறு. பதினைந்து வயதில் ஆறடி வளர்ந்த மகன் அம்மாவைக் கீழே தள்ளுகிறான். அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார். அவசர சிகிச்சைப் பிரிவில், விளக்கு அணையாத, சத்தம் ஓயாத அறையில் நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவன் அறைச் சுவர்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.