தனிமை வார்டும் ஒரு போன் காலும்

இந்த எபிசோடில் ஒரு பழைய கேள்வியை எடுத்துக்கலாம். தொற்று வந்த ஆளைத் தனியா வெச்சா ஊர் தப்பிக்கும், சரி. உள்ளே இருக்கிற ஆளோட மனசு என்ன ஆகும்?

குவாரண்டைன் என்கிற வார்த்தைக்கு மூலமே ஒரு எண்தான். இத்தாலியக் கிளைமொழி ஒன்றில் 40 என்று அர்த்தம். 1377ல், இன்னைக்கு குரோஷியாவில் இருக்கும் துப்ரோவ்னிக் நகரம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே காத்திருக்கணும்னு சட்டம் போட்டது. பிறகு மற்ற துறைமுகங்களில் அது 40 நாளாச்சு. நம்ம பக்கம் ராமேஸ்வரம் போற வழியில் மண்டபம் கேம்ப் இருக்கு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை அங்கே சில நாள் நிறுத்தி, சோதிச்சு, அம்மைக்குத் தடுப்பூசி போட்டுத்தான் கப்பல் ஏத்தினாங்க. எத்தனை நாள், என்ன ஊசி என்றுதான் விதிகள் பேசின. உள்ளே காத்திருந்தவங்க பொழுது எப்படிப் போச்சு என்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

நான் ஆலங்காயத்துக்காரன். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள். இந்தக் கேள்விக்குப் பதில் தேடினவங்க எங்க வட்டாரத்திலேயே இருந்திருக்காங்க.

1898ல் வந்த தொழுநோயாளர் சட்டம், ஆதரவில்லாத ஏழை நோயாளிகளைப் பிடிச்சு அடைச்சு வைக்க அனுமதிச்சது. அது 2016ல்தான் ரத்தாச்சு. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்திலேயே வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். ஆனா கை சரியான பிறகும் ஊர் சேர்த்துக்கலைன்னா? அதனால் ‘நவஜீவ நிலையம்’ என்ற சின்னக் குடியிருப்பை அமைச்சு, தச்சு மாதிரியான கைத்தொழில்களைக் கத்துக்கொடுத்தாங்க. மருந்தோடு வேலையும் கூட்டாளிகளும் சேர்ந்துதான் சிகிச்சை.

அடுத்தது பாகாயம். 1957ல் தொடங்கின சிஎம்சி மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருத்தரும் கூடவே தங்கணும் என்பது ஏற்பாடு. மனநோய்னாலே கம்பிக்கதவு என்று உலகம் நினைச்ச காலம் அது. இவங்க குடும்பத்தையே உள்ளே கூப்பிட்டாங்க.

மூணாவது சென்னை. காசநோய்னா சானடோரியம்தான் என்று இருந்தபோது, 1956ல் இங்கே ஒரு ஆய்வு ஆரம்பிச்சது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிச்சு, ஒரு பாதிக்கு சானடோரியத்திலும் மறு பாதிக்கு வீட்டிலும் ஒரு வருஷம் மருந்து கொடுத்தாங்க. 1959ல் முடிவு வெளியாச்சு. நெரிசலான வீடு, சுமாரான சாப்பாடு, அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவங்க கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. தொடர்ந்து கவனிச்சதில், வீட்டு ஆட்களுக்குக் கூடுதலா நோய் தொத்தவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போ 2020க்கு வருவோம். கொரோனா இந்தக் கதவு எல்லாத்தையும் ஒரேயடியா சாத்திடுச்சு. கூட யாரும் தங்க முடியாது. பார்க்க வரவும் முடியாது. நோயாளி கையில் மிஞ்சினது போன் மட்டும்தான். ஊரடங்கு தொடங்கின மார்ச் 25 அன்னைக்கே மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல உதவி எண்ணைத் திறந்தது. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ பயிற்சியும் போன் வழியா வார்டுக்குள் வந்தது.

இந்தப் பயிற்சியோட வேர் பௌத்த தியானம். அதை 1979ல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் 8 வாரப் பாடமா, மருத்துவமனைக்கு ஏற்ற வடிவில் மாத்தினார். மூச்சு, உடம்பு, வர்ற எண்ணம், இதையெல்லாம் சண்டை போடாம கவனிக்கிறதுதான் அடிப்படை. 2020ல் சீனாவில் 26 கொரோனா நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு 2 வாரம், தினமும் 50 நிமிஷம், இணையம் வழியா மூச்சுப் பயிற்சி, உடம்பை உச்சி முதல் பாதம் வரை கவனிக்கும் பயிற்சி எல்லாம் கொடுத்தாங்க. மற்ற குழுவைவிட இவங்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைஞ்சது. 26 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. நம்பிக்கை வைக்கலாம், முடிவு கட்ட முடியாது.

ஒரு என்ஜினியரா எனக்கு இங்கே ரெண்டு விஷயம் உறுத்துது. முதலாவது, மூச்சுத் திணறுகிறவரிடம் “மூச்சைக் கவனிங்க”ன்னு சொன்னா பயம் கூடலாம். பாதம் தரையில் படறதை, ஜன்னல் வழியா வர்ற சத்தத்தை கவனிக்கச் சொல்லும் வழியும் அந்த ஆடியோவில் இருக்கணும். இரண்டாவது, எங்க ஊர்ல பல வீடுகளில் இருந்தது ஒரே ஸ்மார்ட்போன். பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸும் அதிலேதான். மலை ஏறினா சிக்னல் கிடையாது. என் பெரியம்மா 14 நாள் தனியறையில் இருந்தாங்க. கையில் பட்டன் போன். அவங்க நாளைப் பிடிச்சு நிறுத்தினது ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி பண்ற கால்தான். ஏழரைக்கே கட்டிலில் எழுந்து உட்கார்ந்துடுவாங்களாம்.

இதை வெறும் பாசக்கதைன்னு தள்ளிட வேண்டாம். இணையவழி மனநலப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுது. ஆப்பை மட்டும் கொடுத்தா பாதியில் விட்டுடுறவங்க அதிகம். வாரம் ஒருமுறையாவது ஒரு ஆள் பேசி விசாரிச்சா, தொடர்கிறவங்களும் கூடுறாங்க, பலனும் கூடுது. பாகாயத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு ஆளோட இடத்தை, இங்கே அந்தக் குரல் எடுத்துக்குது.

2022ல் வந்த டெலி மானஸ் எண் 14416ஐ, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துறாங்க. எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம். பட்டன் போனிலிருந்தும் போகும். மறுமுனையில் மனுஷர் பேசுவார்.

அடுத்த தொற்று வந்தா நமக்கு ஆப் எழுத நேரம் ஆகாது, ஒரு வாரம் போதும். தனியறையில் இருக்கும் ஒவ்வொருத்தருக்கும் தினமும் யார் கால் பண்ணப் போறாங்க என்கிற பட்டியலை முதல்ல எழுதி வெச்சுக்கணும். உங்க தெருவில் அந்தப் பட்டியலில் யார் யார் வருவாங்கன்னு யோசிங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.