கிரானுலோசா செல்லும் அதன் கட்டிகளும்

கிரானுலோசா செல் என்பது சினைப்பையில் கருமுட்டையைச் சூழ்ந்து நின்று அதை வளர்த்தெடுக்கும் செல். பெண்ணுடலின் ஈஸ்ட்ரோஜனுக்கு முதன்மையான ஊற்றும் இதுவே. நுண்ணோக்கியில் இந்தச் செல்லடுக்கு பொடிமணிகளைப் பரப்பியதுபோல் தெரியும். தானிய மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே இந்தப் பெயர் பிறந்தது. இச்செல்களிலிருந்து எழும் கட்டிகள் சினைப்பைப் புற்றுநோய்களில் 2 முதல் 5 விழுக்காடுதான். அரிதானாலும் மருத்துவ வரலாற்றில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. புற்றாக மாறிய பிறகும் இந்தச் செல் தன் பழைய தொழிலை விடுவதில்லை. அந்தத் தொழிலை அறிவியல் புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள, கட்டியைக் கண்டுபிடிக்கும் வழிகளும் திறந்துகொண்டே வந்தன.

டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெக்னியர் டெ கிராஃப் 1672இல் சினைப்பையிலுள்ள நீர்க்கொப்புளங்களை விரிவாக எழுதினார். மருத்துவர்கள் இன்று ஃபாலிக்கிள் என்று சொல்லும் அந்த நுண்ணறை முழுவதையுமே அவர் முட்டை என்று எண்ணினார். 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் நாயின் சினைப்பையில் உண்மையான முட்டையைக் கண்டார். கொப்புளம் வேறு, அதனுள் இருக்கும் முட்டை வேறு என்று தெரிந்தபின்தான், இரண்டுக்கும் நடுவே இருக்கும் செல்கள் யாவை என்ற கேள்விக்கே பொருள் வந்தது.

பிறக்கும் பெண் குழந்தையின் சினைப்பைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் முட்டைகள் உறங்குகின்றன. ஒவ்வொன்றையும் தட்டையான செல்கள் ஒரே வரிசையாக மூடியிருக்கின்றன. நுண்ணறை விழித்து வளரத் தொடங்கியதும் அவை பருத்து, பெருகி, அடுக்கடுக்காகின்றன. இந்த அடுக்குக்குள் இரத்தக் குழாய் கிடையாது. ஊட்டப் பொருள் செல்லுக்குச் செல் நுண்வாயில்கள் வழியாகக் கைமாறியே முட்டையை அடைகிறது. முட்டையும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தன்னைச் சூழ்ந்த செல்களைப் பெருகச் சொல்லும் புரதங்களை அது திருப்பி அனுப்புகிறது. முட்டை வெளியேறிய பிறகே குழாய்கள் உள்ளே நுழைகின்றன; செல்கள் மஞ்சள் உடலாக மாறி, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கின்றன.

இந்தச் செல்லிலிருந்து எழும் கட்டியை முதலில் விவரித்தவர் வியன்னாவின் நோய்க்குறியியலர் கார்ல் ரோக்கிட்டான்ஸ்கி; காலம் 1850கள். ஆனால் கட்டியின் முகத்தை அடையாளம் காட்டிய கண்டுபிடிப்பு, கட்டியைப் பாராமலேயே அதே நகரில் நடந்தது. அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு மேற்படிப்புக்காக வந்திருந்த எம்மா கால், உடலியங்கியல் அறிஞர் சிக்மண்ட் எக்ஸ்னருடன் சேர்ந்து முயலின் சினைப்பையை ஆராய்ந்தார். 1875இல் வெளியான அவர்களது கட்டுரை, கிரானுலோசா செல்கள் ஒரு சிறு வெற்றிடத்தைச் சுற்றி வட்டமாக அணிவகுப்பதைச் சொன்னது. எம்மா கால் பாஸ்டனுக்குத் திரும்பி, வாழ்நாள் முழுதும் பிரசவம் பார்த்தார். மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கம் 1884இல் ஏற்றுக்கொண்ட முதல் பெண் அவரே. மருத்துவப் படிப்பே பெண்களுக்கு அரிதாயிருந்த காலத்தில் உழைத்த ஒருவரின் பெயரை, ‘கால்–எக்ஸ்னர் உருக்கள்’ என்று இன்றைய மாணவரும் உச்சரிப்பது மனத்துக்கு நிறைவு தருகிறது.

இந்தக் கட்டியில் வயது வந்தோர் வகை, இளம்பருவ வகை என இரண்டு உண்டு. வயது வந்தோர் வகைக் கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் அந்த வட்டங்கள் பல நேரம் தென்படும். நடுவே இளஞ்சிவப்புக் கசிவு. சுற்றிலும் பூவிதழ்போல் செல்கள். உட்கருக்களில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடும், காப்பிக்கொட்டையின் நடுவே ஓடுவதுபோல. கட்டியாக மாறிய செல், முட்டையே இல்லாத இடத்தில் நுண்ணறை கட்டிப்பார்க்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனையும் சுரக்கிறது. அந்தச் சுரப்பைப் பற்றிய அறிவு நுண்ணறை நீரிலிருந்து தொடங்கியது. 1923இல் செயின்ட் லூயிஸில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றிகளின் நுண்ணறை நீரை எடுத்து, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினர். எலிகளுக்குப் பருவ அறிகுறிகள் திரும்பின. 1959இல் ஸ்வீடனின் பெங்ட் ஃபால்க், எலியின் கண்ணறைக்குள் சினைப்பைத் துணுக்குகளைப் பதித்து இன்னொரு நுட்பத்தைக் கண்டார். கிரானுலோசா தனியாகவோ, அதற்கு வெளியேயுள்ள தீக்கா செல் தனியாகவோ ஈஸ்ட்ரோஜனைத் தரவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே தந்தன. தீக்கா ஆண் ஹார்மோனை ஆக்கிக் கொடுக்க, கிரானுலோசா அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று.

நோயாளியிடம் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்ணுக்கு மீண்டும் இரத்தப்போக்கு வரும். கருப்பையின் உட்சவ்வு தடித்து, சிலருக்கு அங்கேயும் புற்று தோன்றும். இளம்பருவ வகைக் கட்டி சிறுமிக்கு வந்தால், உரிய வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்து உதிரம் காணும். வயதுக்கு வந்துவிட்டாள் என்று வீட்டார் அமைதியாகிவிடக் கூடாத இடம் இது.

பிட்யூட்டரிச் சுரப்பியை அடக்கும் இன்ஹிபின் என்ற ஹார்மோன் நுண்ணறை நீரிலிருந்து 1985இல் பிரித்தெடுக்கப்பட்டது. கிரானுலோசா செல்லின் சரக்குதான் அதுவும். நான்கே ஆண்டுகளில், 1989இல், நெதர்லாந்து மருத்துவர்கள் அதை இந்தக் கட்டியின் இரத்த அடையாளமாகப் பயன்படுத்திக் காட்டினர்.

2009இல் வான்கூவரில் டேவிட் ஹண்ட்ஸ்மனின் குழு நான்கு கட்டிகளின் மரபுச் செய்தியை முழுதாகப் படித்தது. நான்கிலும் ஃபாக்ஸ்-எல்2 மரபணுவின் 402ஆம் எழுத்து மாறியிருந்தது. மேலும் 89 வயது வந்தோர் வகைக் கட்டிகளைச் சோதித்தபோது 86இல் அதே எழுத்து, அதே மாற்றம். புற்றுநோயியலில் இவ்வளவு ஒருமை காண்பது அபூர்வம். இந்த மரபணுவின் வேலை என்ன என்பதற்கு அதே ஆண்டின் இறுதியில் மதியாஸ் டிரையரின் குழு விடை தந்தது. வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் அதை நீக்கியதும், கிரானுலோசா செல்கள் விதைப்பையின் செர்ட்டோலி செல்களைப்போல உருமாறின. கிரானுலோசாவாக நீடிப்பதற்கே அந்தச் செல் நாள்தோறும் இந்த மரபணுவை நம்பியிருக்கிறது. இளம்பருவ வகைக் கட்டியில் அந்த 402ஆம் எழுத்து மாற்றம் பெரும்பாலும் இல்லை. அங்கே ஏகேடி1 போன்ற வேறு மரபணுக்கள் பழுதாகின்றன.

சிகிச்சையில் அறுவையே முதன்மை. பெரும்பாலான கட்டிகள் சினைப்பையைத் தாண்டுமுன்பே பிடிபடுவதால் பலர் நலமாகிறார்கள். ஆயினும் வயது வந்தோர் வகை 10, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். அதனால் ஐந்தாண்டு முடிந்ததும் கோப்பை மூடிவிடாமல், கிரானுலோசா செல்கள் சுரக்கும் இன்ஹிபின்-பி, ஆன்டிமுல்லேரியன் ஹார்மோன் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளோடு நெடுங்காலம் தொடர்கிறார்கள். திரும்பிவந்த கட்டி வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் அளவு வளருமுன்பே, அதன் சுரப்பு இரத்தத்தில் ஏறிக் காட்டிக்கொடுப்பதுண்டு.