அடிக்குறிப்பும் பாடபேதமும்: ஏட்டிலிருந்து கணினி வரை

அச்சன்புதூரில் வாழும் நமக்குக் கரிவலம்வந்தநல்லூர் அயலூர் அன்று. இரண்டும் இன்று தென்காசி மாவட்டத்து ஊர்களே. அவ்வூர்க் கோயிலில் பாண்டியர் வழிவந்த ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று உ.வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்கு விடை கிடைத்தது. அவரே எழுதிவைத்த செய்தி இது.

ஓர் ஏடு எரிந்தால் அந்நூலின் பிற படிகள் எஞ்சியிருக்கலாம். ஆயினும் அந்த ஏட்டுக்கே உரிய பாடம் அழிந்துவிடும். இதனை உணர்ந்தவர் ஐயர். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு எனப் பதிப்பித்து வந்த அவர், தாம் ஏற்ற பாடத்தை மூலத்தில் வைத்தார், ஏலாதவற்றையும் எறிந்துவிடவில்லை. 'பி-ம்.' என்னும் சுருக்கம் ஐயர் பதிப்புகளைப் பயின்றோர்க்கு நன்கு பழகியது. பிரதிபேதம் என்பது அதன் விரிவு. ஆசிரியரின் தேர்வு தவறாயின் அதனைத் திருத்தும் உரிமையைப் படிப்பவர்க்கு அளித்தவை அக்குறிப்புகள்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் இது எளிய பணி அன்று. மூலத்தில் ஓர் அடி நகர்ந்தால் அதற்குரிய குறிப்பும் அடுத்த பக்கத்துக்கு நகரவேண்டும். பக்கத்தையே மீண்டும் கட்டவேண்டும். இச்சுமையைக் கணினிமேல் ஏற்றியவற்றுள் ஒன்று, டொனால்டு குனுத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு முறைமை. மூலமும் குறிப்பும் பக்கத்தில் கொள்ளும் இடத்தைச் சேர்த்தே கணித்து, எங்கே பக்கத்தை முறிப்பது என்று அது முடிவு செய்யும்.

டெக்கின்மேல் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லாடெக், சில இயல்பு அமைப்புகளைத் தானே வைத்துக்கொள்ளும். நூல் வகை ஆவணத்தில் குறிப்பெண் இயல்தோறும் 1இலிருந்து தொடங்கும். மூலத்துக்கும் குறிப்புக்கும் இடையே சிறு கோடு விழும். உரைநடை நூலுக்கு இவை போதும். சங்கப் பாடலுக்குப் போதா. பாடபேதம், சொற்பொருள், ஒப்புமை மூன்றும் ஒரே வரிசை எண்ணில் கலந்துவிடின், ஏட்டின் சாட்சி எது, உரையாசிரியர் கருத்து எது என்று பிரித்தறிய இயலாது. சில பழம்பதிப்புகளில் குறிப்பெண் சொல்லுக்கு முன் நிற்கும். லாடெக்கிலோ கட்டளையை எழுதிய இடத்தில், பெரும்பாலும் சொல்லின் பின், விழும். ஆகவே அமைப்பை நம் தேவைக்கேற்ப மாற்றுவது அலங்காரம் அன்று, பதிப்பறம்.

மாற்றும் வழிகளும் உள. எண்ணை அச்சிடும் கட்டளையை மறுவரையறை செய்து, எண்ணுக்கு ஈடாக எழுத்தையோ உடுக்குறியையோ வைக்கலாம். ஃபுட்மிஸ்க் என்னும் தொகுப்பால் பக்கந்தோறும் எண்ணைப் புதிதாகத் தொடங்கலாம். சிறு குறிப்புகளை ஒரே பத்தியாக ஓடவிடலாம். செம்பதிப்புக்கென்றே ஜான் லாவக்னினோவும் வடமொழி அறிஞர் டொமினிக் வுஜாஸ்டிக்கும் எட்மேக்கை ஆக்கினர். அதன் வழியில் 2003இல் பீட்டர் வில்சனின் லெட்மேக்கும், 2015இல் மயூல் ரூக்கெட்டின் ரெலெட்மேக்கும் வந்தன. இவற்றில் குறிப்புகளை அடுக்கடுக்காகப் பிரிக்கலாம்: முதல் அடுக்கில் பாடபேதம், அடுத்ததில் சொற்பொருள், அதன்கீழ் ஒப்புமை. பாட்டினுள் எண் செருகாமல், அடி எண்ணைச் சுட்டியே பேதத்தைக் காட்டலாம். பாட்டின் ஓசை தடைபடாது.

இன்று பழைய பதிப்புகளைக் கணினியில் மீண்டும் கோப்போர் பலர். விரைவு கருதி மூலத்தை மட்டும் தட்டச்சிட்டு, கீழேயுள்ள சிற்றெழுத்துகளை விட்டுவிடுவோரும் உளர். அப்படிகளை மட்டுமே கண்ட மாணவர், புறநானூற்றுக்கு ஒரே பாடந்தான் உண்டு என்று நம்பி நம் வகுப்பறைக்கு வருகின்றனர். கரிவலம்வந்தநல்லூரில் ஏட்டை எரித்தோர் அதனைச் சமயக் கடன் என்றேனும் எண்ணினர். நாமோ சோம்பலால் எரிக்கிறோம். பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் ஒதுக்கினால் இந்த வேள்வியை நிறுத்திவிடலாம்.