ராணிப்பேட்டையும் வெக்கை நோயும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் எல்லாருக்கும் தோல்தான் நினைவுக்கு வரும். அந்தத் தோலுக்குச் சொந்தக்காரனான மாட்டையும் ஆட்டையும் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இதே ராணிப்பேட்டையில்தான் 1932-லிருந்து கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து தயாராகிறது. (கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோயை 'ராணிப்பேட்டை நோய்' என்று நினைத்திருந்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. ராணிக்கெட் இமயமலைப் பக்கத்து ஊர். அந்த நோய்க்கு மருந்து செய்வதுதான் நம் ஊர்!)

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1881-ல் பாஸ்தேர் 25 ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, வேறு 25 ஆடுகளைப் போடாமல் விட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க் கிருமியை ஏற்றிய கதை எங்களுக்குப் பாடம். ஊசி போட்டவை பிழைத்தன, போடாதவை மாண்டன. அந்த நோய்க்கு பிரெஞ்சில் 'ஷார்போன்', அதாவது கரி என்று பெயர். வேலூரில் குமாஸ்தா வேலைக்கு வந்த பிறகுதான் அதுவே நம் 'அடைப்பான்' என்று தெரிந்தது. அடைப்பானில் செத்த மாட்டை உரிக்கக் கூடாது. உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். தோல் விலை போகிற ஊரில் இதைச் சொல்வது சுலபம், கேட்பது கஷ்டம். ஒரு தோலின் காசு ஏழைக்குப் பெரிது. கை வைத்து உரிக்கிறவனுக்குத்தான் முதல் ஆபத்தும்.

ஆனாலும் பழைய விவசாயிகளை நடுங்க வைத்தது வெக்கை நோய்தான். காய்ச்சல், வாயில் புண், கண்ணிலும் மூக்கிலும் நீர், நிற்காத கழிச்சல், சில நாளில் சாவு. உழவு மாடு போனால் அந்த வருஷப் பயிரும் போயிற்று. 1761-ல் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி உருவானதற்கே இந்த நோய் ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் இதற்கு வழி கண்டவர் முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்வர்ட்ஸ். 1920-களில் கிருமியை வெள்ளாட்டுக்கு வெள்ளாடு மாற்றி மாற்றி ஏற்றி, மாட்டைக் கொல்லாத அளவுக்குத் தளர வைத்தார். நாட்டு மாடு அந்த ஊசியைத் தாங்கியது. பிறகு பாலுக்காக ஜெர்சி கலப்பினம் வந்தது, அதற்கு அந்த ஊசியே காய்ச்சலைக் கொண்டுவந்தது. இனத்தை மாற்றினால் மருந்தையும் மாற்ற வேண்டும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். கென்யாவில் பிளௌரைட் திசு வளர்ப்பில் உருவாக்கிய தடுப்பூசி வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

1954-ல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் நாற்பது வருஷம் நடந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995-ல் எங்கே கண்டது தெரியுமா? நம் வட ஆற்காட்டில்! அதன் பிறகு செய்தது இன்னும் துணிச்சலான காரியம்: ஊசியை நிறுத்தினார்கள். ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் கண்டு தேறிய மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒரே மாதிரி இருக்கும். ஊசியை நிறுத்தினால்தான் நோய் உண்மையில் போய்விட்டதா என்று பார்க்க முடியும். பார்த்தார்கள், திரும்பி வரவில்லை. 2006-ல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. 2011-ல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் துடைத்தெறிந்த நோய் இது ஒன்றுதான்.

அதன் தம்பி மட்டும் இன்னும் இருக்கிறான்: வெள்ளாட்டையும் செம்மறியையும் தாக்கும் ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் அதை முதலில் அடையாளம் கண்டது 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அங்கே எடுத்த கிருமியையே தளர வைத்துத் தடுப்பூசி ஆக்கினார்கள். அந்தக் கிருமி வகைக்கு இன்றும் பெயர் 'அரசூர் 87'.