மண்டி

கடலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் கியர் பெட்டியின் எண்ணெயைச் சுத்திகரிப்பதைப் பார்த்தேன். கலந்த நீரும் இரும்புத் துகளும் எண்ணெயைவிடக் கனம்; மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றினால் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஒதுங்கிய கருஞ்சேற்றை எல்லோரும் ‘ஸ்லட்ஜ்’ என்றார்கள். சிதம்பரத்தில் என் அத்தைக்கு அது ‘மண்டி’. நல்லெண்ணெய்ச் சாடியின் அடியில் தங்குவதும் காப்பி டம்ளரில் கடைசியாக மிஞ்சுவதும் அதுதானே! (பண்ருட்டிப் பலா மண்டி வேறு, அது வடக்கிலிருந்து வந்த சந்தைச் சொல்.) கூட வந்த பொறியாளர் ‘கசடு’ என்றார். அழுக்கு, குற்றம், ஐயம் என்று விரிந்த சொல் அது. குறளின் கல்வி அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு எண்ணெய் நினைவே வராது. அதன் உறவான ‘கசண்டு’ எண்ணெய், நெய்யின் அடிவண்டலையே குறிக்கும், ஆனால் இன்று யார் சொல்கிறார்கள்? ‘மசகு’ கதை இன்னும் வேடிக்கை. மாட்டுவண்டி அச்சுக்கு இட்ட மையின் பெயர், இங்கே எந்திரத்துக்கு இடும் உயவு எண்ணெய்க்கு வந்தது. இலங்கைச் செய்தித்தாளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். எனக்கு மண்டியே போதும். ‘மண்டி நீக்கிய எண்ணெய்’ என்று ஆலைப் பலகையில் எழுதினால் அத்தைக்கும் புரியும், ஃபிட்டருக்கும் புரியும்.